மெல்லிய கடினப் படை வெடிக்குமா? உருக்கின் மேற்பரப்புச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருக்குப் பாகங்களின் மேற்பரப்பில் தேயாமலிருக்க உண்டாக்கும் மெல்லிய கடினப் படை எவ்வளவு எளிதில் வெடிக்கும், அதாவது கீறல் விட்டுப் பிளக்கும், என்பதை எப்படி அளப்பது? சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்தில் கடைசல் பட்டறை நடத்துபவர்களும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. பட்டறைக்காரருக்கு வேண்டியது, படை போட்ட தண்டு நிற்குமா என்ற பதில். பிள்ளைகளுக்கு வேண்டியது ஆய்வறிக்கையில் எழுத ஓர் எண். இரண்டையும் ஒரே சோதனை தந்துவிடும் என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விக்கர்ஸ் அளவில் வன்மை 1500 என்று வந்திருக்கிறது. இன்னும் எதற்கு வேறொரு சோதனை?

வன்மை, ஒரு பரப்பை இன்னொன்று அழுத்தும்போது அது எவ்வளவு பள்ளம் விழாமல் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் சின்ன வெடிப்பு ஒன்று நீளாமல் தடுப்பது முற்றிலும் வேறு குணம். கிரிபித் என்ற ஆங்கிலேயர் 1921 இல் கண்ணாடி இழைகளை வைத்து இதற்கு அடித்தளம் போட்டார். 1957 இல் அமெரிக்காவில் அர்வின் அதைப் பொறியியலாளர் பயன்படுத்தக்கூடிய அளவாக மாற்றினார். இந்தப் பக்கத்தில் அதை வெடிப்புத் தாங்குதிறன் என்று அழைக்கிறேன். அதன் அலகு மெகாபஸ்கால் வர்க்கமூல மீற்றர். நீளமான பெயர் என்பதால் இனி எண்களை மட்டும் தருகிறேன்.

சாளரக் கண்ணாடி 0.7 முதல் 0.8 வரை. மென்னுருக்கு 100 ஐத் தாண்டும். உருக்கில் போரனை ஏற்றி உண்டாக்கும் கடினப் படையில் பெரும்பாலும் 1 க்கும் 6 க்கும் இடையில் கிடைக்கிறது. அதாவது உருக்கின் மேல் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் படை கண்ணாடியின் அயலவர். அரம் வழுக்கினால் பதம் நன்று என்று நம் கொல்லர் சொல்வது சரியான சோதனைதான். ஆனால் அது வன்மையை மட்டும் பார்க்கிறது.

எந்தப் படைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலாவது, போரனேற்றம். உருக்குத் துண்டைப் போரன் காபைட்டுத் தூள் கலவையோடு பெட்டியில் அடைத்து 850 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை சில மணி நேரம் சூடாக்கினால் மேற்பரப்பில் இரும்புப் போரைட்டு உருவாகிறது. காபன் குறைந்த உருக்கில் அது வாள் பற்கள் போல உள்ளே இறங்கும். குரோமியம் போன்ற கலப்பு மிகுந்த உருக்கில் எல்லைக்கோடு தட்டையாக இருக்கும். செஞ்சாடி மண்ணில் சுண்ணாம்புக் கற்களோடு உரசித் தேயும் உழவுக் கத்திகளுக்கு இதைப் போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது.

இரண்டாவது, நைதரசனேற்றம். அமோனியா வாயுவில் 500 முதல் 570 பாகை வரை. மேலே சில மைக்கிரோமீற்றர் முதல் இருபது சொச்சம் வரை தடித்த வெள்ளைப் படை; அதன் கீழே நைதரசன் ஊடுருவிய ஆழமான பகுதி. மேலே உள்ளது நொறுங்கும். கீழே உள்ளது அவ்வளவாக நொறுங்காது.

மூன்றாவது, கடின குரோமியப் பூச்சு. நீரியல் உந்துத் தண்டு, மோட்டார் சைக்கிளின் முன் கவை ஆகியவற்றில் பளபளக்கும் பூச்சு இதுதான். இது பூசும்போதே நுண் வெடிப்புகளோடுதான் பிறக்கிறது. ஆகவே இதில் புதிய வெடிப்பை உண்டாக்கி நீளம் பார்ப்பது வீண் வேலை.

காபனேற்றிப் பதம் போட்ட பற்சில்லுகளை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அந்தப் படை ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பு. வைர ஊசி அழுத்தினால் பள்ளம் விழும், வெடிப்பு விழாது.

பாடப்புத்தகத்தில் உள்ள முறிவுச் சோதனையையே செய்தால் என்ன?

அந்தச் சோதனைக்கு, முன்கூட்டியே வெடிப்பு வளர்த்த, சில சென்ரிமீற்றர் அளவுள்ள துண்டு வேண்டும். உங்களிடம் இருப்பது தலைமயிரைவிட மெல்லிய படை. அதைத் தனியே உரித்தெடுத்தால் அதற்குள் இருந்த தகைப்பும், அதாவது உள் இறுக்கமும், போய்விடும். பிறகு நீங்கள் அளப்பது வேறொரு பொருள்.

அப்படியானால் வழக்கமாக எப்படி அளக்கிறார்கள்?

விக்கர்ஸ் வன்மைமானியால். 136 பாகைக் கோணமுள்ள வைரக் கூம்பகத்தை அழுத்தினால் சதுரப் பள்ளம் விழும். நொறுங்கும் பொருளில் அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் வெடிப்புகள் ஓடும். சுவீடனில் பால்ம்குவிஸ்ற் 1957 இல் இந்த வெடிப்புகளின் நீளத்தைக் கொண்டே கடின உலோகங்களின் (வெட்டும் கருவிகளில் வரும் தங்குதன் காபைட்டு வகை) தாங்குதிறனை மதிப்பிடலாம் என்று காட்டினார். 1976 இல் எவன்சும் சார்ள்சும், 1981 இல் அன்ஸ்ரிசும் அவருடன் சேர்ந்தவர்களும் அதற்குச் சூத்திரங்கள் கொடுத்தார்கள். இன்று அதிகம் எடுத்தாளப்படுவது 1981 ஆம் ஆண்டுச் சூத்திரம்:

தாங்குதிறன் = 0.016 × (யங்கின் மட்டு ÷ வன்மை) என்பதன் வர்க்கமூலம் × சுமை ÷ (வெடிப்பு நீளத்தின் 1.5 ஆம் அடுக்கு)

யங்கின் மட்டு என்பது பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு. வெடிப்பு நீளம் பள்ளத்தின் நடுவிலிருந்து வெடிப்பின் நுனி வரை. மூலையிலிருந்து அல்ல. பிள்ளைகள் கொண்டுவரும் கணக்குகளில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

ஒரு கணக்கைச் செய்து காட்ட முடியுமா?

70 மைக்கிரோமீற்றர் தடித்த போரைட்டுப் படை ஒன்றை எடுப்போம். குறுக்காக வெட்டி மெருகிட்டு, படையின் நடுவில் 100 கிராம் சுமையால், அதாவது 0.98 நியூற்றனால் அழுத்துகிறோம். வன்மை 15 கிகாபஸ்கால் (விக்கர்ஸ் அளவில் ஏறக்குறைய 1500), யங்கின் மட்டு 290 கிகாபஸ்கால் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தின் மூலைவிட்டம் 11 மைக்கிரோமீற்றர் வரும். வெடிப்பு நுனி நடுவிலிருந்து 14 மைக்கிரோமீற்றரில் இருக்கிறது.

290 ஐ 15 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 4.4. அதை 0.016 ஆல் பெருக்கினால் 0.070. சுமையை 14 மைக்கிரோமீற்றரின் 1.5 ஆம் அடுக்கால் வகுத்தால் 18.7. இரண்டையும் பெருக்க 1.3 கிடைக்கிறது.

இனி இந்த 1.3 இல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று பார்ப்போம். நுனியை 15 மைக்கிரோமீற்றர் என்று வாசித்திருந்தால் விடை 1.2 க்குக் கீழே போயிருக்கும்: ஒரு மைக்கிரோமீற்றர் பிழைக்குப் பத்து வீதம். ஒளி நுணுக்குக்காட்டியில் வெடிப்பின் கடைசிப் பகுதி தெரியவே தெரியாது. வெடிப்பு உண்மையில் இன்னும் நீளம், தாங்குதிறன் இன்னும் குறைவு. அதற்கும் மேலாக, 0.016 என்ற எண்ணைத் தந்தவர்களே அதோடு கூட்டல் கழித்தல் 0.004 என்று எழுதினார்கள். நீங்கள் ஒரு பிழையும் விடாமல் அளந்தாலும் நான்கில் ஒரு பங்கு ஐயம் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணும் கண்ணாடி, பீங்கான் வகைத் தடித்த துண்டுகளை வைத்துப் பெறப்பட்டது. மெல்லிய படைக்காக யாரும் அதை வகுக்கவில்லை.

எவ்வளவு சுமை வைப்பது?

இந்த முறையின் உண்மையான வில்லங்கம் இங்கேதான் இருக்கிறது.

சுமை கூடினால் பள்ளம் ஆழமாகும், கீழேயுள்ள உருக்கு வளைந்துகொடுக்கும், படை தாங்க ஆளில்லாமல் உடையும். வற்றிய குளத்தின் மேற்பொருக்கில் கால் வைத்தால் அது உடைவது பொருக்கின் குற்றமா, அடியில் உள்ள சேற்றின் குற்றமா? அதே நிலைதான். சுமையைக் குறைத்தால் வெடிப்பே விழாது.

வன்மைக்கு ஒரு பழைய விதி உண்டு: மேலிருந்து அழுத்தும்போது பள்ளத்தின் ஆழம் படையின் தடிப்பில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. விக்கர்ஸ் பள்ளத்தின் ஆழம் மூலைவிட்டத்தில் ஏழில் ஒன்று. 10 மைக்கிரோமீற்றர் வெள்ளைப் படைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆழம் 1, மூலைவிட்டம் 7 மைக்கிரோமீற்றர். வன்மை 900 என்றால் சுமை 24 கிராம் அளவுதான். அந்தச் சுமையில் நைதரைட்டு வெடிப்பதை எதிர்பார்க்க வேண்டாம். வெடிக்கும்வரை சுமையைக் கூட்டினால் நீங்கள் அளப்பது படையும் உருக்கும் சேர்ந்த கலவையை. ஆகவே வெள்ளைப் படைக்கு இந்த முறையில் எண் தேடாதீர்கள் என்பதே என் பதில். 50 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட போரைட்டுப் படைக்குத் தேடலாம்.

அங்கேயும் ஒரே சுமையோடு நிறுத்தக் கூடாது. சுமையை இரட்டிப்பாக்கினால், சூத்திரம் பொருந்துகிறதென்றால், 14 மைக்கிரோமீற்றர் வெடிப்பு 22 அளவுக்கு நீள வேண்டும். 25 அளவுக்கு ஓடினால், வெடிப்பு ஆழமாக அரைவட்டமாய்ப் போகவில்லை, மேற்பரப்பை ஒட்டி மூலைகளிலிருந்து மட்டும் ஓடுகிறது என்று ஐயப்பட வேண்டும். அதற்கு வேறு சூத்திரம். பரப்பை மெல்ல மெருகிட்டுச் சில மைக்கிரோமீற்றர் நீக்கிப் பார்த்தாலும் இது தெரியும். மேலோட்டமான வெடிப்பு பள்ளத்தின் மூலையிலிருந்து விலகி நிற்கும். ஆழமான வெடிப்பு தொடர்ந்து ஒட்டியிருக்கும். வெடிப்பு நீளம் அரை மூலைவிட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் அரைவட்ட வகை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். மேலே செய்த கணக்கில் அது 2.5 ஐ மயிரிழையில்தான் தாண்டுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மேலிருந்து அழுத்துவதா, குறுக்குவெட்டில் அழுத்துவதா?

குறுக்குவெட்டில். அங்கே ஓரத்திலிருந்து மூலைவிட்டத்தின் இரண்டரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். மூலைவிட்டங்களில் ஒன்று மேற்பரப்புக்கு இணையாகவும் மற்றது செங்குத்தாகவும் இருக்கும்படி மாதிரியைத் திருப்பி வையுங்கள்.

அப்படி வைத்ததும் ஒன்று கண்ணில் படும்: மேற்பரப்புக்கு இணையாக ஓடும் வெடிப்புகள் நீளமாகவும், செங்குத்தாக உள்ளே போகும் வெடிப்புகள் குட்டையாகவும் இருக்கும். காரணம் எஞ்சிய தகைப்பு. போரைட்டுகள் இரண்டு வகை. போரன் கூடிய மேற்படை, ஓர் இரும்புக்கு ஒரு போரன். குறைந்த உட்படை, இரண்டு இரும்புக்கு ஒரு போரன். வெப்ப விரிவு, பாகை ஒன்றுக்குப் பத்து இலட்சத்தில், மேற்படைக்கு 23, உட்படைக்கு ஏறக்குறைய 8, உருக்குக்கு 12 அளவு. 900 பாகையிலிருந்து ஆறும்போது மேற்படை கூடச் சுருங்கப் பார்க்கிறது, முடியாமல் இழுவையில் மாட்டிக்கொள்கிறது; உட்படை அமுக்கத்தில் இருக்கிறது. அமுக்கம் செங்குத்து வெடிப்பை மூடிப் பிடிக்கிறது.

நான்கு வெடிப்புகளின் சராசரியை எடுத்து ஒரே எண்ணாக எழுதினால் இந்தச் செய்தி முழுவதும் அழிந்துபோகும். இரண்டு திசைகளையும் தனித்தனியே எழுதுங்கள். பட்டறைக்காரருக்கும் இதில் பயன் உண்டு: இரண்டு போரைட்டுகளும் சேர்ந்திருக்கும் படை, இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையில்தான் உரிந்து போகும். மேற்படை உருவாகாமல் தூளின் போரன் வலுவைக் குறைப்பது, எண்ணைக் கூட்டுவதற்கான எந்த வித்தையையும்விட மேலானது.

மாதிரி தயாரிப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

வெட்டும்போதே படை உடைந்துவிட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண். மெல்லிய வைரத் தட்டால், நீர் ஓடவிட்டு, படைப் பக்கத்திலிருந்து உருக்குப் பக்கமாக வெட்டுங்கள். பிசினில் பதிக்கும்போது ஓரம் உருண்டு போகாமல் இன்னோர் உருக்குத் தகட்டை அணைத்து வையுங்கள். மெருகிட்ட பின் அற்ககோலால் கழுவி உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள். நம் ஊரின் உப்புக் காற்றில், அரிப்பு அமிலம் தொட்ட உருக்கு விடியும்முன் துருப்பிடித்துவிடும். துருவின் விளிம்பை வெடிப்பென்று வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய ஜாடி போதுமானது. அழுத்திய அன்றே அளந்துவிடுங்கள்.

வெடிப்பே விழவில்லை. தாங்குதிறன் மிக உயர்வு என்று எழுதலாமா?

முடியாது. இந்தச் சுமையில் வெடிப்பு விழவில்லை என்று மட்டும் எழுதலாம். அதுவும் ஒரு முடிவுதான்.

இணையத்தில் பத்துச் சூத்திரங்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

ஒரே வெடிப்புக்கு வெவ்வேறு சூத்திரங்கள் இரண்டு மடங்கு வேறுபட்ட விடைகளையும் தரும். தமக்குப் பிடித்த விடையைத் தரும் சூத்திரத்தைத் தேடி எடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. 2007 இல் குவின், பிராட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விக்கர்ஸ் வெடிப்பு முறையைக் கடுமையாக விமர்சித்து, பீங்கான் வகைகளுக்குக்கூட இது வெடிப்புத் தாங்குதிறனை அளக்கும் முறையாக ஏற்கத்தக்கதல்ல என்று எழுதினார்கள். கடின உலோகங்களில் பால்ம்குவிஸ்ற் முறைக்கு ஐ.எஸ்.ஓ. 28079 என்ற நியமம் இருக்கிறது. நம்முடைய படைகள் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

எனக்கு அவர்களின் விமர்சனம் சரியாகப் படுகிறது. ஆனாலும் நான் இந்த முறையைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே உருக்கு, ஒரே தடிப்பு, ஒரே சுமை, ஒரே கண் என்று வைத்துக்கொண்டு 900 பாகையில் போட்டதையும் 950 பாகையில் போட்டதையும் ஒப்பிட்டால், எது அதிகம் நொறுங்கும் என்பதை இது ஒழுங்காகச் சொல்லும். வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் சொல்லாது.

எங்கள் பட்டறையில் ரொக்வெல் மானி ஒன்றுதான் இருக்கிறது. அதால் ஏதாவது செய்யலாமா?

நிறையச் செய்யலாம். பட்டறைக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். ரொக்வெல் சீ அளவுத்திட்டத்தின் 120 பாகை வைரக் கூம்பால், 150 கிலோகிராம் சுமையில், படையின் மேலிருந்தே அழுத்துங்கள். இங்கே உருக்கு வளைவதுதான் நமக்கு வேண்டியது. படை அதோடு எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்கிறோம். நூறு மடங்கு பெருக்கத்தில் பள்ளத்தைச் சுற்றிப் பாருங்கள். மெல்லிய ஆரை வெடிப்புகள் மட்டும் இருந்தால் நன்று. துண்டு துண்டாகப் பெயர்ந்து உருக்கு தெரிந்தால் படை ஒட்டவில்லை, அல்லது தாங்கமுடியாத அளவுக்கு நொறுங்குகிறது. ஜேர்மன் பொறியியலாளர் சங்கத்தின் 3198 ஆம் இலக்க வழிகாட்டி இதை எச்.எஃப்.1 முதல் எச்.எஃப்.6 வரை படங்களோடு தரம் பிரிக்கிறது: 1 முதல் 4 வரை ஏற்கலாம், 5 உம் 6 உம் தள்ளுபடி. அது மெல்லிய பூச்சுகளுக்கென வகுக்கப்பட்டது. தடித்த போரைட்டுக்குப் பயன்படுத்தும்போது தரத்தை அப்படியே நம்பாமல், நன்றாக உழைத்த பழைய துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள்.

எண் வராது. ஆனால் குருநகரில் படகு இயந்திரத்துக்குத் தண்டு செய்து கொடுப்பவருக்கு 1.3 என்ற எண்ணைவிட இந்தப் படம் உபயோகமானது.

இவற்றைவிடச் சிறந்த முறைகள் இல்லையா?

இருக்கின்றன. அயன் கற்றையால் படைக்குள்ளேயே சில மைக்கிரோமீற்றர் அளவில் கம்பு போன்ற ஒரு சிறு வளை செதுக்கி, அதில் வெட்டுக்காயம் போட்டு, நனோ அழுத்தியால் வளைத்து உடைக்கிறார்கள். கீழேயுள்ள உருக்கின் தொந்தரவு அதில் இல்லை. செதுக்கிய கலியம் அயன்கள் நுனியைக் கெடுக்கும் தொந்தரவு உண்டு, செலவும் பெரிது. கீறல் சோதனை ஒட்டுதலைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும், தாங்குதிறனைப் பற்றிக் குறைவாகச் சொல்லும்.

எனக்குப் பிடித்தது நாற்புள்ளி வளைவு. படையிட்ட மெல்லிய உருக்குப் பட்டியை, படை இழுவைப் பக்கம் இருக்க வளைத்து, முதல் வெடிப்பு எந்த விகாரத்தில் (நீட்சி வீதத்தில்) விழுகிறது என்று ஒலி உணரியால் பிடிப்பது. யங்கின் மட்டு, அந்த விகாரம், தடிப்பின் வர்க்கமூலம் ஆகியவற்றின் பெருக்கத்தைப் பின்பற்றித் தாங்குதிறன் வரும். நுண் வெடிப்போடு பிறந்த குரோமியத்துக்கு இதுவும் சரிவராது. போரைட்டுக்கு நன்றாக வரும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு மாணவர் கட்டியெழுப்பக்கூடிய ஏற்பாடு.

வடக்கில் இருந்துகொண்டு இதையெல்லாம் எங்கே செய்விப்பது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருள் விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் தனித் துறையே உண்டு. எங்கே கேட்டாலும் மாதிரியை மெருகிட்டு, உலர்த்தி, எத்தனை பாகையில் எவ்வளவு நேரம் போட்டது என்ற தாளோடு அனுப்புங்கள். வெறும் துண்டை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

நைதரசனேற்றிய நீர்ப்பம்பித் தண்டில் மேற்படை செதிலாகப் பெயர்கிறது. தாங்குதிறன் அளக்க வேண்டுமா?

அளக்க வேண்டாம், படையைக் குறையுங்கள். இரண்டு கட்டமாக, இரண்டாம் கட்டத்தில் அமோனியா கூடுதலாகச் சிதையும்படி ஓட்டினால் வெள்ளைப் படை மெல்லியதாகும். அது முடியாவிட்டால் பொருந்தும் இடத்தில் மட்டும் நுண்ணிதாகச் சாணை பிடித்து எடுத்துவிடலாம். வெள்ளைப் படையின் வெளிப்பகுதி நுண்துளை நிறைந்தது. அதைச் சுமக்கும் பாகமாக நம்பவே கூடாது. உப்புக் கலந்த கிணற்று நீரில் அந்தப் படை அரிப்பைத் தடுக்கிறது என்பதும் உண்மை, ஆகவே உரசாத இடத்தில் விட்டுவையுங்கள்.

வெளியூரில் இருந்து வந்த சான்றிதழில் 'வெடிப்புத் தாங்குதிறன் 4.27' என்று இருக்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

நான்கில் ஒரு பங்கு ஐயமுள்ள முறையில் இரண்டாம் தசம தானம் எப்படி வந்தது என்பதே முதல் கேள்வி. பிறகு எழுதிக் கேளுங்கள்: எந்தச் சூத்திரம், எத்தனை கிராம் சுமை, படையின் தடிப்பு எவ்வளவு, பள்ளம் மேலிருந்தா குறுக்குவெட்டிலா, வெடிப்பு எந்தத் திசையில், யங்கின் மட்டை அளந்தார்களா புத்தகத்திலிருந்து எடுத்தார்களா. பள்ளத்தின் படமும் வேண்டும். பதில் வந்தால் அதே சுமையில் உங்கள் துண்டையும் அழுத்தி இரண்டு படங்களையும் ஒப்பிடுங்கள். பதில் வராவிட்டால் வன்மை, தடிப்பு, ரொக்வெல் பள்ளத்தின் படம் ஆகிய மூன்றுக்கு மட்டும் கையொப்பமிட்டுப் பொருளை எடுங்கள், 4.27 இருக்கும் வரியில் கோடு போட்டுவிடுங்கள்.